விஜயா முளே: இந்தியக் குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சியின் முன்னோடி

விஜயா முளே (16 மே 1921 – 19 மே 2019) இந்தியாவில் குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சிக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். கல்வி அதிகாரி, ஆவணப்பட இயக்குநர், திரைப்படக் கழக அமைப்பாளர், திரைப்பட வரலாற்றாளர் எனப் பல துறைகளில் இயங்கினார். 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏக் அநேக் ஔர் ஏக்தா' என்னும் இந்தி அசைவூட்டக் குறும்படத்தின் இயக்குநர் என்ற முறையில் பரவலாக அறியப்படுகிறார். 1975–76இல் நடைபெற்ற செயற்கைக்கோள் கற்பித்தல் தொலைக்காட்சிச் சோதனையின்போது, கிராமக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளை உருவாக்கிய அரசுக் கல்வித் தொழில்நுட்ப மையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். திரைப்படத் துறை நண்பர்கள் இவரை 'அக்கா' என்று அழைத்தனர். நடிகை சுஹாசினி முளே இவருடைய மகள்.

இளமையும் கல்வியும்

விஜயா முளே பம்பாயில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருமணத்திற்குப் பின் 1940இல் கணவருடன் பாட்னாவுக்குக் குடிபெயர்ந்தார். பம்பாயோடு ஒப்பிட்டால் அன்றைய பாட்னா சிறிய நகரம். பெண்கள் தனியே வெளியில் சென்று வருவதற்கும் உயர்கல்வி பெறுவதற்கும் அங்கே பல தடைகள் இருந்தன. அந்தச் சூழலில் பாட்னா பல்கலைக்கழகத்தின் வழியாகப் பட்டப்படிப்பை முடித்தார்.

1946இல் அரசு உதவித்தொகை பெற்று, கல்வியியலில் முதுகலை படிப்பதற்காக இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு அது. உணவும் துணியும் பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த அந்நாளில், மாணவர்களுக்குக் குறைந்த செலவில் கிடைத்த பொழுதுபோக்கு திரைப்படம். பல்கலைக்கழகத் திரைப்படக் கழகத்தில் பல நாட்டுப் படங்களை அவர் பார்த்தார். பாடம் நடத்தும் முறையைப் பகலில் படித்து, காட்சிகளால் கதை சொல்லும் முறையை மாலையில் பார்த்துப் பழகிய அந்த ஆண்டுகள் அவருடைய பிற்காலப் பணிக்கு அடிப்படையாயின.

திரைப்படக் கழக இயக்கம்

இந்தியா திரும்பிய விஜயா முளே, பாட்னாவில் திரைப்படக் கழகம் தொடங்கப்படுவதில் பங்கேற்றார். திரைப்படக் கழகம் என்பது, வணிகத் திரையரங்குகளில் காணக் கிடைக்காத நல்ல படங்களை உறுப்பினர்களின் சந்தாப் பணத்தில் வரவழைத்துத் திரையிட்டு, பார்த்தபின் விவாதிக்கும் அமைப்பு. கல்கத்தாவில் 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் தொடங்கிய கழகம் இதற்கு நாட்டில் முன்மாதிரியாக இருந்தது.

1954இல் அவர் மத்திய அரசின் கல்வி அதிகாரியாக டெல்லிக்கு வந்தார். டெல்லி திரைப்படக் கழகத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். 1959இல் கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்களின் கழகங்கள் சேர்ந்து இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பை நிறுவின. சத்யஜித் ராய் அதன் தலைவரானார். விஜயா முளேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் இணைச் செயலாளர்களாயினர்.

படம் பார்ப்பதும் ஒரு பயிற்சி என்பது இந்த இயக்கத்தின் அடிப்படைக் கருத்து. ஒருவருக்கு எழுத்தறிவு தேவைப்படுவதுபோல, காட்சிகளைப் புரிந்துகொள்ளும் அறிவும் தேவை என்று இவ்வியக்கத்தினர் கருதினர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், தொலைக்காட்சியை முதன்முறையாகப் பார்க்கப் போகும் கிராமக் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி தயாரிக்க நேர்ந்தபோது இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது.

தணிக்கை வாரியமும் முதல் படமும்

1960களில் விஜயா முளே மத்தியத் திரைப்படத் தணிக்கை வாரியத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். கல்கத்தாவில் இருந்தபோது வங்கத் திரைப்படக் கலைஞர்களுடன் நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. 1968இல் இந்தியாவில் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலுடனும் நட்புக் கொண்டிருந்தார்.

அவருடைய முதல் ஆவணப்படம் ஹூக்ளி ஆற்றின் அலையேற்றத்தைப் பற்றியது. கடலில் எழும் ஓதம் ஆற்றின் முகத்துவாரத்தில் புகுந்து, நீரோட்டத்திற்கு எதிராகச் சுவர்போல உயர்ந்து மேல்நோக்கி ஓடும் இயற்கை நிகழ்வு அது. அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியாக முடிந்துவிடும் செய்தியை, கண்ணால் காணும் அனுபவமாக மாற்றும் முயற்சியாக அந்தப் படம் அமைந்தது.

'ஏக் அநேக் ஔர் ஏக்தா'

1974இல் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு இக்குறும்படத்தை வெளியிட்டது. சுமார் 7 நிமிடங்கள் ஓடும் இப்படத்தை விஜயா முளே இயக்கினார். அசைவூட்டத்தைப் பீம்சேன் குழுவினர் செய்தனர். இசையமைத்தவர் வசந்த் தேசாய். பாடலை எழுதியவர் பண்டிதர் வினயசந்திர மௌத்கல்யா. பாடலைப் பாடியவர் அப்போது சிறுமியாக இருந்த சாதனா சர்கம். பிற்காலத்தில் தமிழில் 'அழகி' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றவரும் இவரே. இக்குறும்படம் சிறந்த கல்விப் படத்துக்கான தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது.

தலைப்பின் பொருள் 'ஒன்று, பல, ஒற்றுமை' என்பதாகும். இந்தியில் மூன்று சொற்களும் 'ஏக்' என்ற ஒரே வேரிலிருந்து வருபவை. 'அநேக்' என்பதற்கு 'ஒன்று அல்லாதது' என்பது சொற்பொருள். தமிழில் வழங்கும் ஏகம், அநேகம் என்னும் வடசொற்களில் இதே அமைப்பைக் காணலாம். 'ஒற்றுமை' என்ற தமிழ்ச் சொல்லும் 'ஒன்று' என்பதோடு தொடர்புடையதே.

படம் ஒரு சிறுவனின் கேள்வியில் தொடங்குகிறது. மூத்த சிறுமி ஒருத்தி அவனுக்கு விடை சொல்கிறாள். ஒன்று என்றால் என்ன என்பதற்கு வானத்தில் உள்ளவற்றைக் காட்டுகிறாள். பல என்றால் என்ன என்பதைப் பொருள்களைப் பெருக்கிக் காட்டி விளக்குகிறாள். ஒற்றுமை என்ற சொல்லுக்கு வரும்போது கதை சொல்கிறாள். வேடனின் வலையில் சிக்கிய பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிறகடித்து வலையோடு பறந்துபோகின்றன. நண்பர்களான எலிகள் வலையைக் கடித்து அவற்றை விடுவிக்கின்றன. இது பஞ்சதந்திரத்தில் நட்பைப் பற்றிய பகுதியில் வரும் பழங்கதை. தமிழ்ப் பஞ்சதந்திர நூல்களில் அப்பகுதி 'சுகிர்லாபம்' எனப்படும். கதை முடிந்ததும் பிள்ளைகள் தாங்களும் ஒன்றுசேர்ந்து, எட்டாத உயரத்திலிருக்கும் பழங்களைப் பறிக்கிறார்கள்.

கற்பித்தல் முறையாகப் பார்த்தால் படத்தில் நான்கு படிகள் உள்ளன: குழந்தையின் கேள்வி, கண்ணால் காணும் எடுத்துக்காட்டு, கதை, செய்து பார்த்தல். பெரியவர் யாரும் வந்து அறிவுரை கூறுவதில்லை. வயதில் சற்றே மூத்த சிறுமிதான் ஆசிரியர். ஒற்றுமை என்பது அரசு விளம்பரங்களில் அடிக்கடி ஒலித்த சொல். அதைக் கட்டளையாகச் சொல்லாமல், ஒரு சிறுவன் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சொல்லாக அமைத்தது படத்தின் தனித்தன்மை. தூர்தர்சன் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதால், 1980களில் வளர்ந்த தலைமுறையினர் பலரின் நினைவில் இப்படம் நிலைத்திருக்கிறது.

குழந்தைகள் தொலைக்காட்சியில் நிர்வாகியின் பணி

குழந்தைகள் நிகழ்ச்சி என்றதும் நினைவுக்கு வருவது திரையில் தோன்றும் பொம்மையோ தொகுப்பாளரோ ஆவார். எந்த வயதினருக்காகத் தயாரிப்பது, எந்த மொழியில் பேசுவது, எவ்வளவு நேரம் ஓடுவது, குழந்தைக்குப் புரிந்ததா என்பதை யார் சோதிப்பது, பணத்தை எங்கிருந்து பெறுவது ஆகியவற்றைத் திரைக்குப் பின்னால் இருப்பவர் முடிவு செய்கிறார். அம்முடிவுகளே நிகழ்ச்சியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில் இப்பணிக்குப் புது வடிவம் கொடுத்தவர் ஜோன் கேன்ஸ் கூனி. 1966இல் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்குத் தொலைக்காட்சி எவ்வாறு உதவும் என்று ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1968இல் அதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1969 நவம்பர் 10 அன்று 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. கல்வியாளர், ஆய்வாளர், நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து நிகழ்ச்சியை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய வழிமுறை.

கூனி நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. இந்தியாவில் நிலைமை வேறு. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியது. 1961 முதல் டெல்லிப் பள்ளிகளுக்கான பாட ஒளிபரப்பும் நடந்துவந்தது. 1972இல்தான் பம்பாய்க்குத் தொலைக்காட்சி வந்தது. கிராமத்துக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தொலைக்காட்சியைப் பார்த்ததே இல்லை. விஜயா முளேயும் அவருடைய சக ஊழியர்களும் அக்குழந்தைகளுக்காகவே நிகழ்ச்சிகளைத் தயாரிக்க வேண்டியிருந்தது.

செயற்கைக்கோள் கற்பித்தல் தொலைக்காட்சிச் சோதனை

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இத்திட்டம் 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. தொலைக்காட்சி நகரங்களில் தொடங்கி மெல்ல மெல்லக் கிராமங்களுக்குப் பரவும் வழக்கத்தை மாற்றி, செயற்கைக்கோள் வழியாக நேரே பின்தங்கிய கிராமங்களுக்கு அதைக் கொண்டுசெல்லலாம் என்பது விக்ரம் சாராபாயின் திட்டம். 1969இல் இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்காவின் நாசாவுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. சாராபாய் 1971 டிசம்பரில் காலமானார். யஷ்பால், ஏ. வி. சிட்னிஸ் முதலிய அறிவியலாளர்கள் திட்டத்தை நிறைவேற்றினர்.

1974 மே 30 அன்று ஏவப்பட்ட ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், ஓராண்டுக்கு இந்தியாவின் பயன்பாட்டுக்காக இடம் மாற்றி நிறுத்தப்பட்டது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஒளிபரப்பு நடந்தது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு கிராமத்திலும் பள்ளிக்கூடம் போன்ற பொது இடத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் செய்த, சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவ ஆண்டெனா செயற்கைக்கோளின் அலைகளை வாங்கியது. மின்சாரம் இல்லாத சில கிராமங்களில் பெட்டி பேட்டரியில் இயங்கியது.

இந்த ஒளிபரப்பு இந்திய எல்லையைக் கடந்தும் எட்டியது. கொழும்பில் வசித்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் இந்தியப் பொறியாளர்கள் ஓர் ஆண்டெனாவை நிறுவித் தந்தனர். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது 1979இல்தான்.

காலை ஒளிபரப்பு

நாள்தோறும் மொத்தம் 4 மணி நேரம் ஒளிபரப்பு நடந்தது. மாலையில் இரண்டரை மணி நேரம் உழவு, உடல்நலம், குடும்ப நலம், செய்தி, கலை நிகழ்ச்சிகள் பெரியவர்களுக்காக ஒளிபரப்பாயின. காலையில் ஒன்றரை மணி நேரம் 5 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய 4 மொழிகளுக்கும் அந்த நேரம் சமமாகப் பகிரப்பட்டதால், ஒவ்வொரு மொழிக்கும் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடம்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் கல்வித் தொழில்நுட்ப மையம் இத்திட்டத்தின் கல்விப் பகுதியில் முக்கியப் பங்கு வகித்தது. அதன் தலைமைப் பொறுப்பு விஜயா முளேயிடம் இருந்தது. அகில இந்திய வானொலியின் தொலைக்காட்சிப் பிரிவும், விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் சொந்தக் கலையகங்களும் நிகழ்ச்சிகளைத் தயாரித்தன.

தயாரிப்பாளர்கள் முன் நின்ற சிக்கல்கள் சிறியவை அல்ல. 5 வயதுக் குழந்தையும் 12 வயதுக் குழந்தையும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் சிலர் பள்ளியில் படிப்பவர்கள், சிலர் பள்ளிக்கே போகாதவர்கள். ஒரு வகுப்பின் பாடத்தை அப்படியே நடத்தினால் பாதிப் பேருக்குப் பயன்படாது. இராஜஸ்தானின் பாலைநிலக் கிராமமும் பீகாரின் ஆற்றங்கரைக் கிராமமும் ஒரே இந்தி நிகழ்ச்சியைப் பார்க்கும். பேச்சுமொழி, உடை, வீடு, பயிர் எல்லாம் இடத்துக்கு இடம் வேறுபடும். நகரத்தில் வளர்ந்த தயாரிப்பாளருக்கு எளிதாகப் புரியும் காட்சி மாற்றங்கள், படம் பார்த்துப் பழகாத குழந்தைக்குக் குழப்பம் தரலாம். ஓர் எறும்பைத் திரை நிறையக் காட்டினால், பழக்கமில்லாத கண்ணுக்கு அது வேறொரு பெரிய விலங்காகத் தெரியக்கூடும்.

இக்காரணங்களால் பாடப்புத்தகத்தைத் திரையில் படித்துக் காட்டுவது நோக்கமாகக் கொள்ளப்படவில்லை. கற்பதில் ஆர்வத்தை உண்டாக்குவது, சுற்றிலும் உள்ளவற்றை உற்றுநோக்கச் செய்வது, எளிய அறிவியல், எண், சுகாதாரம், கதை, பாட்டு ஆகியவற்றை அறிமுகப்படுத்துவது ஆகியவை காலை நிகழ்ச்சிகளின் இலக்குகளாக இருந்தன. நிகழ்ச்சிகள் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகின்றன என்று அறிய, சமூகவியல் ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே தங்கிப் பதிவு செய்தனர்.

ஆசிரியர்களுக்கான பயிற்சி

பெட்டியைப் போட்டு நிறுத்துவது ஆசிரியரின் வேலை மட்டும் அன்று. நிகழ்ச்சி முடிந்தபின் குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்கும் அவரே விடை சொல்ல வேண்டும். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. இக்குறையைப் போக்க, விடுமுறை நாட்களில் அதே செயற்கைக்கோள் வழியாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சி, வானொலி, அச்சிட்ட பாடக் குறிப்பு, கையால் செய்து பார்க்கும் சோதனைகள் ஆகியவை ஒன்றாகச் சேர்த்துத் தரப்பட்டன. 12 நாள் பயிற்சி இருமுறை நடந்தது. ஒவ்வொரு முறையும் சுமார் 24,000 ஆசிரியர்கள் பங்கேற்றனர்.

இப்பயிற்சித் தொகுப்பை உருவாக்கியது கல்வித் தொழில்நுட்ப மையம். ஆசிரியரை ஒதுக்கிவிட்டுத் தொலைக்காட்சியை அவர் இடத்தில் வைக்கவில்லை என்பதும், ஆசிரியரைக் கொண்டே நிகழ்ச்சியைப் பயனுள்ளதாக்க முயன்றார்கள் என்பதும் இதில் கவனிக்கத் தக்கவை.

மதிப்பீடு: கிடைத்ததும் கிடைக்காததும்

இந்தச் சோதனையின் விளைவுகள் விரிவாக ஆராயப்பட்டன. பள்ளிக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வில், நிகழ்ச்சிகளைப் பார்த்த குழந்தைகளின் மொழி வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்தது. பாடப்புத்தகத்துக்கு வெளியிலும் செய்திகளைத் தேடித் தெரிந்துகொள்ளும் ஆர்வம் கூடியிருந்தது.

அதே ஆய்வு வேறோர் உண்மையையும் காட்டியது. தொலைக்காட்சி வந்ததால் பள்ளியில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. இடையில் நிற்போர் எண்ணிக்கையும் குறையவில்லை. காரணம் எளிது. ஆடு மேய்க்கவும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், வயல் வேலைக்குப் போகவும் வேண்டியிருந்த குழந்தைக்கு, பள்ளியில் என்ன நிகழ்ச்சி ஓடினாலும் அங்கே வருவதற்கு நேரம் இல்லை. நல்ல நிகழ்ச்சி குழந்தையின் ஆர்வத்தைத் தூண்ட முடியும். குடும்பத்தின் வறுமையை அதனால் மாற்ற முடியாது.

திட்டம் நடந்த காலமும் கணக்கில் கொள்ளத்தக்கது. நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்த ஆண்டு அது. தொலைக்காட்சி முழுவதும் அரசின் கையில் இருந்தது. நிகழ்ச்சிகள் தலைநகரிலிருந்தும் பெருநகரக் கலையகங்களிலிருந்தும் கிராமங்களுக்குச் சென்றன. கிராமத்தின் குரல் திரும்பிவர வழி மிகக் குறைவு. மேலிருந்து கீழே பேசும் இம்முறை பற்றிப் பின்னாளில் ஊடக ஆய்வாளர்கள் விமர்சித்தனர்.

திட்டம் முடிந்தபின்

1976 ஜூலை 31 அன்று ஒளிபரப்பு நின்றது. செயற்கைக்கோள் அமெரிக்காவின் பயன்பாட்டுக்காகத் திருப்பிக் கொண்டுசெல்லப்பட்டது. சில பகுதிகளில் தரைவழி ஒளிபரப்பு நிலையங்கள் மூலம் சேவை தொடர்ந்தது. மற்ற கிராமங்களில் பெட்டிகள் அமைதியாயின. ஓராண்டு நாள்தோறும் காலையில் வந்துபோன நிகழ்ச்சியை அங்கிருந்த குழந்தைகள் இழந்தனர்.

இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோளான இன்சாட்-1பி 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட பின்பே செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்பு மீண்டும் பெரிய அளவில் தொடங்கியது. 1984இல் கல்வித் தொழில்நுட்ப மையமும் கற்பித்தல் கருவிகள் துறையும் இணைந்து மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உருவானது. ஆந்திரப் பிரதேசம், பீகார், குஜராத், மகாராட்டிரம், ஒரிசா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கல்வி நிகழ்ச்சி தயாரிக்கும் மாநில நிறுவனங்கள் அமைந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி மாணவர்களுக்காகத் 'தேசிய வகுப்பறை' என்ற பொருள்படும் ஒளிபரப்பைத் தொடங்கியது. சைட் காலத்தில் பயிற்சி பெற்ற பலரின் அனுபவம் இத்திட்டங்களுக்குக் கைகொடுத்தது.

தமிழ்நாட்டில் குழந்தைகள் தொலைக்காட்சி

சைட் திட்டத்தின் 6 மாநிலங்களில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. அத்திட்டம் தொடங்கி இரண்டு வாரம் கழித்து, 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. தரைவழி ஒளிபரப்பு என்பதால் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே அதன் எல்லைக்குள் இருந்தன. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம், சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இதுபோன்ற ஊர்களுக்குத் தொலைக்காட்சி வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. அதே காலத்தில் அண்டை மாநிலங்களின் தொலைவான சிற்றூர்களில் சிறுவர் சிறுமியர் தெலுங்கிலும் கன்னடத்திலும் தங்களுக்கென்று தயாரான நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நகரத்தை மையமாகக் கொண்ட ஒளிபரப்புக்கும் கிராமத்தை மையமாகக் கொண்ட ஒளிபரப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதில் காணலாம்.

1990களுக்குப் பின் தனியார் அலைவரிசைகள் பெருகின. 2007இல் சன் குழுமம் 'சுட்டி டிவி' என்ற தமிழ்க் குழந்தைகள் அலைவரிசையைத் தொடங்கியது. வெளிநாட்டு அசைவூட்டத் தொடர்கள் தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பாயின. தமிழ் பேசும் பாத்திரங்களைத் திரையில் காணும் மகிழ்ச்சி குழந்தைகளுக்குக் கிடைத்தது. விளம்பர வருவாயை நம்பி இயங்கும் அலைவரிசையில் எந்த நிகழ்ச்சி வரவேண்டும் என்பதைப் பார்வையாளர் எண்ணிக்கை பெருமளவு தீர்மானிக்கிறது.

2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை 'கல்வித் தொலைக்காட்சி'யைத் தொடங்கியது. 2020இல் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்புவாரியாகப் பாடங்கள் இதில் ஒளிபரப்பாயின. இணைய வசதியோ திறன்பேசியோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டி வகுப்பறையானது. அப்போதும் பழைய கேள்விகள் திரும்ப வந்தன. குழந்தைக்குச் சந்தேகம் எழுந்தால் யாரிடம் கேட்பது? பாடம் நடக்கும் நேரத்தில் குழந்தை வேலைக்குப் போயிருந்தால் என்ன செய்வது? 1976ஆம் ஆண்டின் மதிப்பீடு சுட்டிக்காட்டிய எல்லைகள் 44 ஆண்டுகளுக்குப் பிறகும் மாறவில்லை.

பிற்கால எழுத்தும் விருதுகளும்

விஜயா முளே பணி ஓய்வுக்குப் பிறகும் ஆய்விலும் எழுத்திலும் ஈடுபட்டார். இருபதாம் நூற்றாண்டில் வெளிநாட்டுத் திரைப்படங்கள் இந்தியாவை எவ்வாறு சித்திரித்தன என்பதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அரசர்களும் யோகிகளும் மட்டுமே நிறைந்த நாடாக இந்தியாவைக் காட்டிய படங்கள் தொடங்கி, காந்தியைப் பற்றிய படங்கள் வரை அந்நூல் விவரிக்கிறது. 2010இல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 89. ஒருவரைப் பற்றிய காட்சியை இன்னொருவர் உருவாக்கும்போது என்ன நடக்கிறது என்பது அந்நூலின் அடிப்படைக் கேள்வி. கிராமத்துக் குழந்தைகளுக்கு நகரத்தில் நிகழ்ச்சி தயாரித்த காலத்திலும் அவர் எதிர்கொண்ட கேள்வி அதுவே.

2002இல் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் ஆவணப்படத் துறைக்கான வி. சாந்தாராம் வாழ்நாள் சாதனையாளர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. கல்வித் தொடர்பியல் பணிக்காக விக்ரம் சாராபாய் பெயரிலான வாழ்நாள் சாதனையாளர் விருதையும் பெற்றார். 2019 மே 19 அன்று, 98ஆம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாளில் டெல்லியில் காலமானார்.

பணியின் முக்கியத்துவம்

விஜயா முளேயின் பணிகளுள் அளவில் மிகப் பெரியது 2,400 கிராமங்களை எட்டிய காலை ஒளிபரப்பு. அது ஓராண்டில் முடிந்தது. இன்று அதை நினைவுகூர்வோர் குறைவு. அளவில் மிகச் சிறியது 7 நிமிடக் குறும்படம். அது அரை நூற்றாண்டைக் கடந்தும் பார்க்கப்படுகிறது. இதை வைத்து முதலாவது தோல்வி என்றும் இரண்டாவது வெற்றி என்றும் கூறிவிட முடியாது. கிராமத்துக் குழந்தைக்கும் தரமான நிகழ்ச்சி தேவை என்பதையும், நிகழ்ச்சியோடு ஆசிரியரும் பள்ளியும் குடும்பத்தின் வாழ்நிலையும் சேர்ந்தால்தான் கல்வி நடக்கும் என்பதையும் முதலாவது பணி சான்றுகளோடு காட்டியது. குழந்தையின் கேள்வியிலிருந்து தொடங்கினால் கடினமான கருத்தையும் எளிதாக விளக்கலாம் என்பதை இரண்டாவது பணி காட்டியது. குழந்தைகளுக்கான ஊடகத்தில் பணிபுரிய விரும்பும் மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பது பயனளிக்கும்.